உறைகுளிரில் எலுமிச்சை வித்து

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்தை அடுத்துள்ள பிரம்மதேசத்தைச் சூழ்ந்த நிலங்களில் நெல்லும் வேர்க்கடலையும் பயிராகின்றன. அறுவடை முடிந்ததும் அடுத்த பட்டத்திற்கு வேண்டிய விதையைப் பிரித்து, நன்கு உலர்த்திச் சேமித்தல் உழவர் வழக்கம். கொல்லையில் நிற்கும் எலுமிச்சையின் வித்தோ இம்முறைக்கு இணங்குவதன்று. பழத்தினின்று எடுத்தவுடன் ஊன்றினால் அது முளைக்கும். நெல்லைப்போல் காயவைத்து ஓராண்டு கழித்து ஊன்றினால் முளைப்பது அரிது.

உலர்த்தவும் குளிரவும் பொறுக்கும் விதைகள் ஒருவகை. பொறாத விதைகள் மற்றொரு வகை. ராபர்ட்ஸ் என்னும் அறிஞர் 1973-இல் இவ்வாறு பகுத்துக் காட்டினார். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வகையும் உண்டு என்பது 1990-இல் காப்பி விதையை ஆராய்ந்தபோது தெளிவாயிற்று. எலுமிச்சை இனத்து விதைகள் பல இவ்விடைவகையைச் சார்ந்தவை. சிறிதளவு உலர்த்தினால் தாங்கும். மிக உலர்த்தினால் மடியும். நார்வே நாட்டைச் சார்ந்த சுவால்பார்டு தீவில் 2008-இல் திறக்கப்பட்ட உலக விதைக்கிடங்கு, சுழியத்திற்குக் கீழ் 18 பாகை செல்சியஸ் குளிரில் விதைகளைக் காக்கின்றது. நெல்லுக்கும் கோதுமைக்கும் ஏற்ற அவ்விடம் இவ்வித விதைகளுக்கு ஏற்றதன்று.

மரத்தையே தோட்டத்தில் வளர்த்துக் காத்தால் என்ன என்று வினவலாம். அவ்வாறு காத்தலும் நிகழ்கின்றது. ஆயினும் மரத்திற்கு நோய் உண்டு. பிரேசில் நாட்டில் 1930-களிலும் 1940-களிலும் திரிஸ்தேசா என்னும் நச்சுயிர் நோயால் பல இலட்சம் மரங்கள் பட்டுப்போயின. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பசுமையாக்க நோய் 2005-இல் காணப்பட்டது. அந்நோயும் புயல்களும் சேர, ஆரஞ்சு விளைச்சல் பத்தில் ஒரு பங்கினும் குறைந்துபோயிற்று. அந்நோயைப் பரப்பும் சிறு பூச்சி நம் கறிவேப்பிலையிலும் வாழும். வில்வம், விளா, கறிவேப்பிலை, எலுமிச்சை யாவும் ஒரே குடும்பத்தன அல்லவா? இந்நோய்கள் பெரும்பாலும் விதைவழியே செல்வதில்லை. ஆதலின் விதையைக் காத்தல் நோயற்ற மரத்தைக் காத்தலுமாகும்.

விதையினுள் உள்ள நீரே இங்கு இடர் செய்வது. குளிர்விக்கும்போது அந்நீர் பனிப்படிகமாகி, ஊசிபோல் உயிரணுக்களைக் கிழிக்கின்றது. நீரை முற்றும் நீக்கினாலோ விதை உலர்ந்து சாகின்றது. ஆகவே விதையைக் கீறி, முளைக்கும் கருவச்சை மட்டும் நுண்ணிதாகப் பிரித்தெடுக்கின்றனர். தூய காற்றில் அதனைச் சில மணி நேரம் உலர்த்தி, சுழியத்திற்குக் கீழ் 196 பாகை செல்சியஸில் உள்ள திரவ நைட்ரஜனில் அமிழ்த்துகின்றனர். எஞ்சிய சிறு நீர் படிகமாகாமல் கண்ணாடிபோல் இறுகுகின்றது. உயிரின் செயல்கள் யாவும் அங்கே நின்றுவிடுகின்றன. மீட்கும்போது வெந்நீரில் விரைவாகச் சூடேற்றி, ஊட்டக் கலவையில் வளர்ப்பர். உலர்த்தும் நேரம் சிறிது பிறழினும் முயற்சி வீணாகும். எலுமிச்சை விதை இக்குளிரைத் தாங்கும் என்பது 1979-இலேயே வெளியிடப்பட்டது.

புதுதில்லியில் 1976-இல் நிறுவப்பட்ட தேசியத் தாவர மரபுவளப் பணியகம் இப்பணியைச் செய்கின்றது. நைட்ரஜன் ஓயாது ஆவியாகும். அதனை இடைவிடாது நிரப்பிவரல் வேண்டும்.

எலுமிச்சை வித்து ஒன்றில் பல கருக்கள் இருப்பதுண்டு. அவற்றுட் பல தாயின் திசுவினின்று தோன்றுவன. ஆதலின் அவை தாய்மரத்தையே ஒத்திருக்கும். ஒரு விதையை ஊன்ற, இரண்டு மூன்று கன்றுகள் எழுதலை நாமும் காணலாம். பம்பளிமாசுக்கு இப்பண்பு இல்லை. அதன் கன்று தாயினின்று வேறுபடும். தாயை அவ்வாறே காக்க வேண்டின், தளிர் நுனியை உறையவைத்தலே வழி.

மேகாலயத்தின் காரோ மலையில் காட்டு ஆரஞ்சு ஒன்று அருகி வாழ்கின்றது. அங்குள்ள மக்கள் அதனை 'மெமாங் நாரங்' என்பர். பேயின் பழம் என்பது பொருள். நம் நாரத்தையும், வடமொழி நாரங்கமும், ஆங்கில ஆரஞ்சும் ஒரே சொற்குடும்பத்தன என்பது சொல்லாராய்வோர் கருத்து. அக்காட்டு மரத்தின் கருவச்சும், அதனோடொத்த மற்றொரு காட்டினத்தின் கருவச்சும் உறைகுளிரினின்று உயிரோடு மீண்ட செய்தியைத் தில்லி ஆராய்ச்சியாளர் 2006-இல் வெளியிட்டனர்.