பெல்ட் வாங்கும்போது ஓட்டைக்குள் பாருங்கள்

பெல்ட் பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான் உயிரை விடுகிறது. ஒன்று, பக்கிளைச் சுற்றி மடித்திருக்கும் வளைவு. மற்றொன்று, தினமும் முள் ஏறும் அந்த ஒரே ஓட்டை. இவற்றுக்கு நடுவே கிடக்கும் நீளம் எவ்வளவு மினுக்கினாலும் பெல்ட்டின் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. கடையில் நாம் தடவிப் பார்ப்பதோ அந்த நடுப்பகுதியைத்தான். சில மாதத்தில் மேல்தோல் உரிந்து உள்ளே அட்டை தெரியும்போது, இந்தக் காலத்துச் சரக்கே இப்படித்தான் என்று அலுத்துக்கொள்கிறோம்.

முதலில் அகலம். அலுவலக பேண்ட்டுக்கு 30 முதல் 35 மி.மீ., ஜீன்ஸுக்கும் வேலைக்குப் போடும் கனத்த பேண்ட்டுக்கும் 38 முதல் 40 மி.மீ. ஒல்லியான பெல்ட்டை ஜீன்ஸில் போட்டால் அகலமான லூப்புக்குள் அது புரண்டு, குனியும்போது வயிற்றை அறுக்கும். (ஜீன்ஸில் லூப் வந்ததே தாமதமாகத்தான். லீவைஸ் 501-இல் அது 1922-இல் சேர்ந்தது. அதற்கு முன் தோள்பட்டை வார்தான்.) எல்லா பேண்ட்டுக்கும் ஒன்றே போதும் என்பவர்களுக்கு 35 மி.மீ. நல்ல சமரசம்.

அடுத்தது தோல். ‘ஜெனுயின் லெதர்’ என்ற முத்திரையை நம்பி ஏமாறுபவர்களே அதிகம். அது தோல்தான் என்று மட்டுமே அந்த முத்திரை சொல்கிறது. எந்த அடுக்குத் தோல் என்று சொல்வதில்லை. மாட்டுத் தோலின் மேல்பக்கத்தில் இழைகள் நெருக்கமாகப் பின்னியிருக்கும், வலு அங்கேதான். அதைச் சீவி எடுத்தபின் மிஞ்சும் அடிப்பகுதியில் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றினாலும் அது தோல்தான், ஆனால் சீக்கிரம் நைந்துவிடும். அதற்கும் கீழே ஒன்று உண்டு: தோல் துண்டுகளை அரைத்துப் பசை கலந்து தகடாக்கிய ‘பாண்டட் லெதர்’. மடித்த இடத்தில் அது உதிரும். பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சுச் சரக்கின் கதை இன்னும் மோசம். காற்றின் ஈரமே அந்தப் பூச்சைச் சிதைத்துவிடும் என்பதால், கடலோர ஊர்களில் பீரோவுக்குள் சும்மா தொங்கினாலே அது பொருக்கு விட்டு உரிகிறது.

இவற்றை எப்படிப் பிரித்தறிவது? நடைபாதைக் கடைக்காரர் லைட்டரைக் கொளுத்தி பெல்ட்டின் மேல் ஓட்டிக் காட்டுவார். ஒரு நொடித் தீ எதையும் நிரூபிக்காது. வாசனையையும் நம்ப வேண்டாம், அதைத் தெளித்தும் ஏற்றலாம். விளிம்பைப் பார்ப்பது நல்ல வழி. ஒரே தோலாக இருந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே நார். ஒட்டுச் சரக்கானால் நடுவில் கோடு தெரியும். விளிம்பில் கனமாகச் சாயம் பூசி மறைத்திருந்தால் ஓட்டைக்குள் பாருங்கள். அங்கே சாயம் பூசிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. அட்டை, நுரை, ரெக்சின் எதுவானாலும் அடுக்கடுக்காகத் தெரிந்துவிடும். அப்புறம் பெல்ட்டை இறுக்கி மடித்துப் பாருங்கள். நல்ல தோலில் மெல்லிய சுருக்கங்கள் விழுந்து, விட்டதும் மறையும். பூச்சானால் வெடிப்புக் கோடு நின்றுவிடும். கடைக்காரர் முறைத்தால் அந்தக் கடையே வேண்டாம்.

பதனிடும் முறையிலும் வேறுபாடு உண்டு. குரோம் உப்பில் பதனிட்டால் ஓரிரு நாளில் வேலை முடியும். தோல் மென்மையாக வரும், ஈரத்தையும் ஓரளவு தாங்கும். மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட வாரக்கணக்கில் ஆகும். தோல் விறைப்பாக நிற்கும். திண்டுக்கல், ஈரோடு, திருச்சி வட்டாரத்தின் பழைய தொழில் இந்த இரண்டாவது வகைதான்; ஒரு காலத்தில் அதற்கு ஆவாரம் பட்டைதான் ஆதாரம். பெல்ட்டுக்கு என் ஓட்டு மரப்பட்டையில் பதனிட்ட தோலுக்கே. முதல் இரண்டு வாரம் இடுப்போடு சண்டை போடும். பிறகு உடம்பின் வளைவுக்குப் படிந்து, கனம் தொங்கினாலும் தளராமல் நிற்கும். ஜீன்ஸுக்கு மூன்றரை முதல் நான்கு மி.மீ. கனமுள்ள ஒரே அடுக்கு எருமை அல்லது மாட்டுத் தோல் போதும், அதற்கு உள் துணியோ அலங்காரத் தையலோ தேவையில்லை. மழையில் பைக் ஓட்டுபவர்களுக்கு மட்டும் இது சரிவராது, நனைந்தால் திட்டுத்திட்டாகக் கறுக்கும். அவர்கள் குரோம் தோலுக்கோ நைலானுக்கோ போகலாம்.

நைலான் பட்டி பெல்ட்டை இளைஞர்களின் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்க வேண்டாம். வியர்வையில் ஊறினால் அலசிக் காயப்போடலாம், அளவுக்குத் துல்லியமாக இறுக்கலாம். எலக்ட்ரீஷியனுக்கு பிளாஸ்டிக் கிளிப் வைத்த நைலான்தான் நல்லது. மின்சாரம் ஓடும் இடத்தில் வயிற்றில் உலோகத் தகடு எதற்கு? வெல்டிங், கிரைண்டர் வேலைக்கு இது நேர்மாறு. பொறி பட்டால் நைலான் உருகி ஒட்டும், தோல் கருகுமே தவிர உருகாது. இன்னொன்று: எவ்வளவு முரட்டு நைலானாக இருந்தாலும் அது பேண்ட்டுக்கான பெல்ட்தான். உயரத்தில் ஏறி வேலை செய்ய உடல் முழுக்க மாட்டும் ஹார்னஸ் வேண்டும், அதில் பேரம் கூடாது.

ஓட்டையே இல்லாமல் பின்பக்கப் பல்வரிசையில் ‘கிளிக் கிளிக்’ என்று இறுகும் ஆட்டோமேட்டிக் பெல்ட் இப்போது எங்கும் கிடைக்கிறது. சாதாரண பெல்ட்டில் ஓட்டைக்கு ஓட்டை ஓர் அங்குலம். இதிலோ கால் அங்குலமாக நகர்த்தலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் நாற்காலியில் உட்காருபவர்களுக்கும் நாள் முழுக்க வண்டி ஓட்டுபவர்களுக்கும் இதன் அருமை தெரியும். ஆனால் பட்டை பெரும்பாலும் மெல்லிய ஒட்டுச் சரக்கு. சிமெண்ட் தூசி புகுந்தால் பக்கிள் மக்கர் செய்யும், உள்ளே ஸ்பிரிங் போனால் ரிப்பேர் கிடையாது. அலுவலகத்துக்குச் சரி, சைட் வேலைக்கு வேண்டாம்.

எலாஸ்டிக் பெல்ட் சுகமானதுதான், ஆனால் வெயிலும் வியர்வையும் ரப்பர் இழையைத் தளர்த்திவிடும். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பிரவுன் என்று திருப்பிப் போடும் பெல்ட்டில் இரண்டு மெல்லிய பட்டைகளை ஒட்டியிருப்பார்கள். சுழலும் பக்கிள்தான் முதலில் ஆட்டம் காணும். திருமண வரவேற்புக்குப் போய்வர அது போதும்.

பக்கிளைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால்தான் கம்பெனிகள் அங்கே கை வைக்கின்றன. விலை குறைந்தவற்றில் வருவது துத்தநாகக் கலவை வார்ப்பு. ஒருநாள் ‘டக்’ என்று உடையும், ஒட்டவைக்க வழியில்லை. காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளை என்று துள்ளிக் குதிக்க வேண்டாம், துத்தநாகத்திலும் ஒட்டாது. பின்பக்கம் ஓரத்தில் லேசாகக் கீறிப் பார்த்தால் உள்ளேயும் மஞ்சளாகத் தெரிவதுதான் பித்தளை. தொப்புளுக்குக் கீழே காரணம் தெரியாமல் அரிப்பும் தடிப்பும் உள்ளவர்கள் பக்கிளின் நிக்கல் பூச்சைச் சந்தேகிக்கலாம். தோல் மருத்துவர்களுக்கு இது பழகிய புகார். பக்கிளைத் தைக்காமல் திருகாணி போட்டு மாட்டிய பெல்ட் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கழற்றி மாற்றலாம்.

அளவில் ஒரு சூத்திரம் சொல்வார்கள்: பேண்ட் 34 என்றால் பெல்ட் 36. பாதி நேரம் அது சரி. பல கம்பெனிகளின் 34 உண்மையில் 34 அங்குலம் இருப்பதில்லை என்பதால் பழைய பெல்ட்டை அளப்பதே நல்லது. பக்கிள் மடிப்பிலிருந்து இப்போது போடும் ஓட்டைவரை எத்தனை அங்குலமோ, அந்த அளவு புதிய பெல்ட்டின் ஐந்து ஓட்டைகளில் நடு ஓட்டையில் விழ வேண்டும். இளைத்தாலும் பெருத்தாலும் இருபுறமும் இரண்டிரண்டு அங்குலம் கையிருப்பு. நடுவே ஓட்டை தேவைப்பட்டால் ஆணி அடிக்காதீர்கள், அந்த ஓட்டை கிழிந்துகொண்டே போகும். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் துளையிடும் கருவியால் வட்டமாக வெட்டித் தருவார்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. நனைந்தால் வெயிலில் காயவைக்காமல் நிழலில் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவருக்குள் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். தேங்காயெண்ணெயைக் கொட்டித் தேய்ப்பது வேண்டாம், தோல் கறுத்துத் தொளதொளத்துவிடும்.

வேலூர், சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆம்பூரிலும் பெரியமேட்டிலும் தோல் வியாபாரம் நடக்கும் தெருக்களில் கொஞ்சம் அலைந்தால், பட்டையை அளவுக்கு வெட்டி, கேட்ட பக்கிளை மாட்டித் தருபவர் கிடைக்கலாம். ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ பலகையைப் பார்த்து மயங்காமல், மேலே சொன்ன சோதனைகளை அங்கேயும் செய்யுங்கள்.

ஒரே ஒரு பெல்ட்தான் வாங்குவதாக இருந்தால் என் தீர்ப்பு இது: 35 மி.மீ. அகலம், ஒரே அடுக்குத் தோல், பிரவுன் நிறம், திருகாணி போட்ட பித்தளை பக்கிள். இரண்டு வாங்க முடிந்தால், அதோடு வேலைக்கென்று ஒரு நைலான் பட்டி. நெருப்புப் பொறி பறக்கும் வேலை என்றால் இரண்டாவதும் தோலாகவே இருக்கட்டும்.