காலங்கடந்த நியாயம்

நாட்ஸிக் கொலைக்களத்து ஏவலர் சிலரைத் தொண்ணூறு வயதிற் கூண்டிலேற்றியதைக் கொடுமையென்பாருளர். யாம் அங்ஙனங் கருதோம். துன்புற்றாருங் கூடவே மூப்பெய்தினரன்றோ?

1992 ஜூன் 20-ல் தருமபுரி ஜில்லா வாச்சாத்தியில், சந்தனக்கட்டை தேடப் புகுந்த வனத்துறை, போலீஸ், ரெவினியூ உத்தியோகஸ்தர்கள் மலைவாசிகளின் வீடுகளைச் சூறையாடினர். 18 பெண்கள் பலாத்காரத்துக்குள்ளாயினர். குற்றஞ் சாட்டப்பெற்றோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்பு வருமுன் 54 பேர் இறந்தனர். தாமதம் அவர்கட்களித்த விடுதலை அது! எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று.

அவ்வாண்டு மே மாதம் மியூனிக் நகரில், தன் கையாற் கொன்றமைக்குச் சாட்சியின்றியே, ஸோபிபோர் முகாமைக் காத்ததே துணைக்குற்றமென டெம்யான்யுக் தண்டிக்கப்பட்டார். அப்பீல் முடியுமுன் மாண்டார். வாச்சாத்தி வழக்கின் அப்பீல்களையோ சென்னை ஹைகோர்ட்டு 2023-ல் தள்ளி, பலாத்காரத்துக்குள்ளான பெண்டிர்க்குத் தலைக்கு 10 லட்சம் ரூபாய் அளிக்கவும், அதிற் பாதியை அக்குற்றம் புரிந்தாரிடமே வசூலிக்கவும் உத்தரவிட்டது.