குடிலுக்கு முதலில் வந்தவர்கள்: கிறிஸ்துமஸை வகுப்பறையில் பேசுதல்

மூன்று ஆண்டுகளுக்கு முன் அரையாண்டுத் தேர்வின் கடைசி நாள். ஏழாம் வகுப்பில் கிறிஸ்துமஸ் விழாவுக்கு ஏற்பாடு செய்திருந்தேன். எல்லோரும் சிவப்பு அல்லது வெள்ளை உடையில் வர வேண்டும், கேக்குக்கும் பரிசுப் பொருளுக்கும் ஆளுக்கு ஐம்பது ரூபாய் தர வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டேன். கூரையில் காகித நட்சத்திரம் தொங்கியது. ஒரு மாணவனுக்குத் தாடி ஒட்டிச் சிவப்புத் தொப்பி அணிவித்திருந்தோம்.

தேர்வு முடிந்ததும் ஒரு மாணவன் மட்டும் உள்ளே வராமல் வாசலில் நின்றான். ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பிள்ளை. "ஏன்டா வெளியே நிக்கிற?" என்று கேட்டேன். "சிவப்புச் சட்டை இல்ல டீச்சர்" என்றான். பரவாயில்லை, வா என்றேன். வந்தான், ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை. பணம் கொடுத்தவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் கேக் வெட்டியிருந்தோம் என்பது தட்டு காலியான பிறகே எனக்கு உறைத்தது. அதற்குள் அவன் போய்விட்டான்.

அன்று மாலை எங்கள் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர் அக்கா என்னிடம் வந்தார். அவர் கிறித்தவர். "விழா நல்லா இருந்துச்சு டீச்சர். ஆனா அந்தப் புள்ள வாசல்லயே நின்னுச்சே. பாலகனை முதல்ல வந்து பார்த்ததே ஆட்டுக்காரங்கதானே டீச்சர்" என்றார். அவர் குறை சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அவர் சொன்னது என்ன என்று அப்போது எனக்குச் சரியாகப் புரியவில்லை. பத்து ஆண்டுகளாகப் பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா நடத்திய நான், அந்தப் பிறப்புக் கதையை ஒருமுறைகூட முழுதாகப் படித்ததில்லை. விடுமுறையில் அவரிடமே விவிலியத்தை வாங்கிப் படித்தேன்.

கதை இருக்கும் இடம்

புதிய ஏற்பாட்டில் நான்கு நற்செய்தி நூல்கள் உள்ளன. அவற்றில் மத்தேயு, லூக்கா ஆகிய இரண்டு மட்டுமே இயேசுவின் பிறப்பு நிகழ்ச்சிகளை விரித்துச் சொல்கின்றன. இரண்டும் சொல்லும் நிகழ்ச்சிகள் வேறு வேறு.

லூக்காவின் கதையில் உரோமைப் பேரரசர் அகுஸ்து மக்கள்தொகையைப் பதிவு செய்ய ஆணையிடுகிறார். நாசரேத்தில் வாழ்ந்த யோசேப்பும் நிறைமாதக் கர்ப்பிணியான மரியாவும் யோசேப்பின் முன்னோர் ஊரான பெத்லகேமுக்குச் செல்கிறார்கள். தங்க இடம் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்துகிறார் தாய். அந்தச் செய்தியை வானதூதர் முதலில் சொல்வது, இரவில் வயல்வெளியில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்த இடையர்களுக்கு.

மத்தேயுவின் கதையில் இடையர் இல்லை. கிழக்கிலிருந்து ஞானிகள் விண்மீனைக் கண்டு வருகிறார்கள். பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் ஆகியவற்றைக் காணிக்கையாகத் தருகிறார்கள். ஏரோது மன்னன் குழந்தையைக் கொல்லத் தேட, குடும்பம் எகிப்துக்குத் தப்பி ஓடுகிறது.

நாம் வழக்கமாகச் சொல்லும் சில செய்திகள் இந்த மூலங்களில் இல்லை. ஞானிகள் மூவர் என்று மத்தேயு எழுதவில்லை, காணிக்கைகள்தாம் மூன்று. அவர்களை அரசர்கள் என்றும் அவர் சொல்லவில்லை. மாடும் கழுதையும் அருகில் நின்றதாக இரண்டு நூல்களிலும் குறிப்பில்லை. பிறந்த தேதியும் இல்லை. டிசம்பர் 25 என்ற நாள் உரோமில் வழக்கத்தில் இருந்ததை கி.பி. 354ஆம் ஆண்டின் நாட்காட்டித் தொகுப்பு காட்டுகிறது. ஆர்மீனியத் திருச்சபையினர் ஜனவரி 6ஆம் நாளில் கொண்டாடுகிறார்கள். பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் உருசியத் திருச்சபையினருக்கு அது ஜனவரி 7ஆம் நாளில் வருகிறது. எனவே, "இயேசு டிசம்பர் 25இல் பிறந்தார்" என்பதைவிட, "இயேசுவின் பிறப்பை டிசம்பர் 25இல் நினைவுகூர்கிறார்கள்" என்று மாணவர்களிடம் சொல்வதே சரி.

நம்புகிறவர்களுக்கு அது என்ன?

கதையைப் படித்துவிட்டு அக்காவிடம் கேட்டேன்: "இது உங்களுக்கு ஒரு பெரியவருடைய பிறந்தநாளா, அக்கா?" அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "பெரிய மனுசங்களைப் பார்க்க நாமதான் டீச்சர் அவங்க வீட்டு வாசல்ல போயி நிப்போம். அந்தப் பெரியவரே நம்ம வீடு தேடி வந்தா எப்படி இருக்கும்? அதுவும் கைக்குழந்தையா வந்து, நம்ம கையில கிடந்தா? அதுதான் டீச்சர் எங்களுக்குக் கிறிஸ்துமஸ்."

இறையியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவர் இந்தச் சில வரிகளில் சொல்லிவிட்டார். இயேசு ஒரு நல்ல போதகர் மட்டுமல்லர், கடவுளே மனிதராகப் பிறந்தவர் என்பது கிறித்தவ நம்பிக்கையின் மையம். கிறித்தவத் தமிழில் இதை 'மனுவுருவாதல்' என்பார்கள். மத்தேயு குழந்தைக்குச் சூட்டும் 'இம்மானுவேல்' என்ற பெயருக்குக் 'கடவுள் நம்மோடு இருக்கிறார்' என்று பொருள். துன்பத்தில் இருப்பவரைத் தொலைவிலிருந்து பார்க்கும் கடவுளாக இல்லாமல், பசி, குளிர், நாடு விட்டு ஓடுதல் ஆகியவற்றைத் தாமே பட்டு அறிந்த கடவுளாக அவரை அவர்கள் வணங்குகிறார்கள்.

இந்தப் பார்வையில் தீவனத் தொட்டி முக்கியமான செய்தியாகிறது. கடவுள் அரண்மனையைத் தேர்ந்தெடுக்கவில்லை. இடமில்லாதவர்களின் இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று கிறித்தவர்கள் புரிந்துகொள்கிறார்கள். அதனால்தான் அந்நாளில் ஏழைகளுக்கு உணவும் உடையும் தருவதை அவர்கள் வழிபாட்டின் ஒரு பகுதியாகவே கருதுகிறார்கள்.

காத்திருத்தலும் இந்த விழாவின் ஓர் அங்கம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையினரும் திருவருகைக் காலமாகக் கடைப்பிடிக்கிறார்கள். பல ஆலயங்களில் வாரத்துக்கு ஒன்றாக நான்கு மெழுகுவத்திகள் ஏற்றப்படுகின்றன. மனம் திரும்புவதற்கும் பகையை முடித்துக்கொள்வதற்குமான காலம் இது. அக்காவின் வீட்டுக் குடிலில் டிசம்பர் 24 இரவு வரை தொட்டி காலியாகவே இருக்கும். வீட்டுப் பிள்ளைகள் ஒரு நல்ல செயல் செய்யும்போதெல்லாம் அதில் ஒரு வைக்கோல் போடுவார்கள். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்த பிறகுதான் குழந்தை உருவத்தை வைப்பார்கள். "மெத்து மெத்துனு இருக்கணும்னா நிறைய வைக்கோல் வேணும்ல டீச்சர்" என்று சிரித்தார்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். குடிலைப் பார்க்கும்போது தமக்குச் சிலுவையும் நினைவுக்கு வரும் என்றார். பிறந்த அந்தக் குழந்தை பிறருக்காக உயிரைக் கொடுக்கப் போகிறது என்ற நினைவோடுதான் கிறித்தவர்கள் பாடுகிறார்கள். கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, உயிர்ப்புப் பெருவிழா மூன்றும் அவர்களுக்கு ஒரே தொடர்ச்சி.

வழக்கங்கள் வந்த வழி

1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் அசிசி நகர் பிரான்சிஸ், உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் பரப்பி, பிறப்புக் காட்சியை மக்கள் கண்முன் கொண்டுவந்தார். குடில் அமைக்கும் வழக்கம் பரவ அது காரணமானது. சிவப்புத் தொப்பித் தாத்தாவின் பின்னால் இருப்பவர், இன்றைய துருக்கியில் உள்ள மீராவில் நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்த நிக்கோலாஸ். வறியவர்களுக்கு யாரும் அறியாமல் உதவியவர் என்று மரபு அவரைப் போற்றுகிறது.

தமிழாசிரியர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர், 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய தேம்பாவணியின் பாட்டுடைத் தலைவன் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பர். அவருக்கு 'வளன்' என்று தமிழ்ப்பெயர் சூட்டினார் முனிவர். 3 காண்டங்களும் 3615 பாடல்களும் கொண்ட அந்தக் காப்பியத்தின் ஒரு பகுதி பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றுள்ளது. குழந்தைக்கும் தாய்க்கும் துணைநின்ற ஓர் எளிய தச்சரைக் காப்பியத் தலைவனாக்கியது ஏன் என்று மாணவர்களைக் கேட்கலாம்.

வகுப்பில் செய்தது

மறு ஆண்டு டிசம்பரில், தேர்வுக்கு முன்பே இரண்டு பாடவேளைகளை ஒதுக்கினேன். அதே மாணவர்கள் எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தார்கள்.

முதல் பாடவேளையில் இரண்டு கதைகளையும் என் சொற்களில் சுருக்கி இரண்டு தாள்களில் எழுதிக் குழுக்களுக்குக் கொடுத்தேன். 'யார் வந்தார்கள்? எப்படி அறிந்தார்கள்? என்ன கொண்டுவந்தார்கள்? யார் பயந்தார்கள்?' என்ற நான்கு கேள்விகளுக்கு விடை எழுதச் சொன்னேன். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ஒன்றைக் காட்டி, படத்தில் இருப்பது எது, கதையில் இருப்பது எது என்று பிரித்துப் பார்த்தோம். ஒரு மூலத்தைக் கவனமாகப் படிக்கும் பயிற்சியாகவும் இது அமைந்தது.

இரண்டாம் பாடவேளையில் இடையர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. "ராத்திரி ஏன் டீச்சர் வயல்ல இருந்தாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். ஆனால் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் வகுப்பில் இருந்தான். சொல்ல விருப்பமா என்று அவனைக் கேட்டேன். தயங்கி எழுந்தான்.

"அறுப்பு முடிஞ்ச வயல்ல கிடை போடுவோம் டீச்சர். புழுக்கை வயலுக்கு உரம். லீவுல நானும் போவேன். ராத்திரி முழுக்க ஆள் மாத்தி ஆள் முழிச்சிருக்கணும். நரி வரும், நாய் வரும், திருடன் வருவான். பிறந்த குட்டியைக் கூண்டுல போட்டு மூடிருவோம்."

வகுப்பு அமைதியாகக் கேட்டது. "அப்படிக் காவல் இருக்கும்போது, ஊர்ல ஒரு குழந்தை பிறந்திருக்கு, போய்ப் பாருங்கன்னு யாராவது சொன்னா ஆட்டை விட்டுட்டுப் போவீங்களா?" என்று கேட்டேன். அவன் சிறிது நேரம் யோசித்தான். "போக மாட்டோம் டீச்சர். ரொம்பப் பெரிய சேதியா இருந்தாத்தான் போவோம்" என்றான்.

அந்த இடையர்கள் போனார்கள் என்பதன் எடையை நான் அந்தப் பதிலில்தான் உணர்ந்தேன். மாணவர்களும் உணர்ந்தார்கள். மந்தைதான் முழுச் சொத்து என்றிருந்தவர்கள் விரைந்து போனார்கள் என்றால், அந்தச் செய்தியை அவர்கள் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்! கிறித்தவர்கள் அந்தச் செய்தியை இன்றும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லிப் பாடத்தை முடித்தேன்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

அரசுப் பள்ளியில் இதைப் பேசலாமா என்று சில ஆசிரியர்கள் கேட்டதுண்டு. முழுவதும் அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28(1) பிரிவு. சமயங்களைப் பற்றி அறியச் செய்வது இந்தத் தடைக்குள் வராது என்பதை உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டு அருணா ராய் வழக்கில் தெளிவுபடுத்தியது. இந்த எல்லைக்குள் நிற்க நான் பின்பற்றும் சில வழிகள்:

1. 'கிறித்தவர்களின் நம்பிக்கைப்படி' என்ற தொடரை விடாமல் பயன்படுத்துகிறேன். உண்மை என்று நிறுவவோ, பொய் என்று மறுக்கவோ நான் வகுப்பில் நிற்கவில்லை.

2. வகுப்பில் உள்ள கிறித்தவ மாணவரை எழுப்பி 'நீ சொல்' என்று கட்டாயப்படுத்துவதில்லை. தாமாக முன்வந்தால் மகிழ்ச்சி. எல்லாத் திருச்சபையினரும் ஒரே மாதிரி கொண்டாடுவதில்லை. கிறிஸ்துமஸைக் கொண்டாடாத கிறித்தவர்களும் உண்டு.

3. வழிபடவோ பக்திப் பாடல் பாடவோ யாரையும் சொல்வதில்லை. 'எந்தச் சமயம் உயர்ந்தது' என்ற ஒப்பீட்டுக்கும் இடம் தருவதில்லை.

4. ரமலான், தீபாவளி, புத்த பூர்ணிமா ஆகியவற்றுக்கும் இதே அளவு நேரமும் இதே மரியாதையும் தருகிறேன். புத்தாடையோடும் தின்பண்டத்தோடும் நின்றுவிடாமல், 'நம்புகிறவர்களுக்கு இது என்ன?' என்ற கேள்வியை ஒவ்வொரு விழாவுக்கும் கேட்கிறோம்.

5. விழாவுக்காக எந்த மாணவரிடமும் பணமோ தனி உடையோ கேட்பதில்லை.

ஐந்தாவது விதியை எந்தச் சுற்றறிக்கையும் எனக்குக் கற்றுத்தரவில்லை. வாசலில் நின்ற ஒரு மாணவன் கற்றுத்தந்தான்.

அந்த ஆண்டு விழாவில் கேக் இல்லை. பொரிகடலையும் வெல்லமும் கலந்து அக்கா ஒரு பெரிய பாத்திரத்தில் தந்தார். மாணவர்கள் பள்ளிச் சீருடையிலேயே இருந்தார்கள். பங்கிட்டுக் கொடுக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது, சென்ற ஆண்டு வாசலில் நின்றவன் கை தூக்கினான். எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் எனக்கும் ஒரு கை அள்ளித் தந்தான். நான் வாங்கிக்கொண்டு, வாசலில் இன்னும் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்து அவர்களோடு உட்கார்ந்தேன்.