ஒரே பெயரில் நண்பனும் பகைவனும்: தக்காளி வேர் கற்றுத்தரும் பாடம்

நிலக்கடலையின் வேரில் இருப்பதையும் வேர்முடிச்சு என்கிறோம். தக்காளியின் வேரில் வருவதையும் வேர்முடிச்சு என்கிறோம். முதலாவது ரைசோபியம் பாக்டீரியாவின் குடியிருப்பு. அது காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பயன்படும் வடிவில் மாற்றித் தருகிறது. இரண்டாவது, நூற்புழு உண்டாக்கும் நோய். பாடத்தில் முதலாவதை மட்டும் படிக்கும் குழந்தை, தோட்டத்தில் இரண்டாவதைக் கண்டால் அதையும் நல்லது என்றே நினைக்கும்.

எங்கள் பள்ளியில் ரைசோபியம் பற்றிப் படித்த மறுநாள் ஒரு மாணவி, "எங்க கத்திரிச் செடி வேருல இது நெறைய இருக்கு டீச்சர். அப்ப உரமே போட வேண்டாமா?" என்று கேட்டாள். புதுக்கோட்டை மாவட்டத்தில் நம்மிடம் படிக்கும் குழந்தைகள் பலரின் வீட்டு வருமானம் வயலையும் தோட்டத்தையும் நம்பியே இருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடையாக இரண்டு பாடவேளைகளுக்கு வகுத்துக்கொண்ட பாடத்தை இங்கே பகிர்கிறேன்.

யார் இந்தப் புழு?

ஒன்பதாம் வகுப்பு விலங்குலகப் பாடத்தில் வரும் உருளைப்புழுத் தொகுதியைச் சேர்ந்தது நூற்புழு. குடற்புழு நீக்க நாளில் மாத்திரை விழுங்கிய குழந்தைகளிடம், "உங்கள் வயிற்றுப் புழுவின் சொந்தக்காரர்" என்றால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. வாயில் ஊசி போன்ற உறுப்பு உண்டு. வேர் நுனிக்கு அருகே நுழைந்து, வேரின் நடுவிலுள்ள கடத்தும் திசுவை ஒட்டித் தங்கும். அங்கே தன் சுரப்பைச் செலுத்திச் சில செல்களைப் பல உட்கருக்கள் கொண்ட ராட்சதச் செல்களாக மாற்றி, அவற்றிலிருந்தே உணவை உறிஞ்சும். சுற்றியுள்ள திசு வீங்குவதுதான் நாம் காணும் முடிச்சு. பெண்புழு பேரிக்காய் வடிவில் பருத்து, பசை போன்ற உறைக்குள் சில நூறு முட்டைகள் இடும். வெப்பமான மண்ணில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். மணற்பாங்கான நிலம் இதற்கு மிகவும் உகந்தது.

பாதிக்கப்பட்ட செடி குட்டையாகி, வெளுத்து, உச்சிவெயிலில் வாடும். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் பாய்ச்சுவோம், உரமும் இடுவோம். குறை வேரில் இருப்பதால் இரண்டும் பயன் தராது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. இந்தியாவில் வேர்முடிச்சு நூற்புழுவை முதன்முதலில் பதிவு செய்தவர் பார்பர் என்ற தாவரவியலாளர். 1901இல் நீலகிரியின் தேவாலா பகுதியில் தேயிலை வேர்களில் அவர் அதைக் கண்டார்.

வேர் எப்படி எதிர்க்கிறது?

செடியால் இடம்விட்டு ஓட முடியாது. ஆனால் சும்மாவும் இருப்பதில்லை. இதை மூன்று படிகளாகச் சொல்லலாம்.

முதற்படி, உணர்தல். நூற்புழுக்கள் தமக்குள் செய்தி பரிமாற அஸ்கரோசைடு என்னும் வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. தக்காளி உள்ளிட்ட செடிகள் இவற்றை உணர்ந்து தம் பாதுகாப்பை முடுக்குகின்றன என்பதை அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வு நிறுவனத்தார் 2015இல் காட்டினர். செடி அப்பொருளைச் சற்று மாற்றி வெளிவிடும்போது அது புழுக்களை விரட்டுகிறது என்ற முடிவு 2020இல் வெளியானது. திருடனின் சீட்டியை நாமே ஊதித் திருடர்களைக் கலைப்பது போன்றது இது.

இரண்டாம் படி, சுவரை வலுப்படுத்துதல். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் போன்ற பொருள்களைச் செல்சுவரில் சேர்த்துப் புழுவின் வழியைக் கடினமாக்கும்.

மூன்றாம் படி, சில செல்களை இழந்து செடியைக் காத்தல். எம்.ஐ.-1 என்ற மரபணு உள்ள தக்காளியில், புழு வாய்வைக்கும் இடத்துச் செல்கள் விரைந்து மடிந்துவிடும். ராட்சதச் செல் உருவாகாது, புழு பட்டினியாகும். இம்மரபணு பயிரிடும் தக்காளியில் இயல்பாக இருந்ததன்று. பெரு நாட்டுக் காட்டுத் தக்காளி இனத்திலிருந்து 1940களில் கலப்பின முறையில் கொண்டுவரப்பட்டது. ஹரியானாவில் உருவாக்கப்பட்ட ஹிசார் லலித் போன்ற எதிர்ப்புத்திறனுள்ள தக்காளி இரகங்கள் நம் நாட்டிலும் உண்டு.

ஆனால் ஒரு வரம்பு இருக்கிறது. மண்ணின் வெப்பம் 28 டிகிரி செல்சியசைத் தாண்டினால் எம்.ஐ.-1 தரும் பாதுகாப்பு தளர்ந்துவிடும். நம் மாவட்டத்துக் கோடையை எண்ணிப் பாருங்கள். விதையை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பதை இங்கே மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

செயல்பாடு 1: பிடுங்கிப் பார்ப்போம்

பள்ளித் தோட்டத்திலிருந்து ஒரு நிலக்கடலை அல்லது தட்டைப்பயறுச் செடியையும், வாடி நிற்கும் தக்காளி அல்லது கத்திரிச் செடியையும் களைக்கொத்தால் சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி எடுக்கச் செய்யுங்கள். வேரை வாளித் தண்ணீரில் அலசி, வெள்ளைத்தாளில் பரப்பி, கைலென்சால் பார்க்கட்டும்.

ரைசோபிய முடிச்சு வேரின் பக்கவாட்டில் மணிபோல் ஒட்டியிருக்கும். விரலால் தள்ளினால் உதிரும். நன்கு செயல்படும் முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். புழுவால் வந்ததோ வேரே வீங்கியது. பிய்த்தால் வேரும் சேர்ந்து அறும். உள்ளே சிவப்பு இராது. தட்டைப்பயறு போன்ற பயிர்களில் இரண்டும் ஒரே வேரில் வரலாம். எனவே பயிரின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், உதிர்த்தும் நறுக்கியும் பார்த்தே எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் "ரைசோபிய முடிச்சு", "புழு வீக்கம்" என்று தனித்தனியாகச் சொன்னால் குழப்பம் தீரும்.

செயல்பாடு 2: மண்ணின் வெப்பம்

குச்சியால் 10 செ.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு, ஆய்வக வெப்பமானியை மெதுவாக வையுங்கள். வெறும் தரையிலும், வைக்கோல் மூடாக்கு இட்ட பாத்தியிலும் பிற்பகல் 2 மணிக்கு ஒரு வாரம் அளந்து வரைபடம் வரையட்டும். 28 டிகிரிக்கு நேராக ஒரு கோடு இழுத்தால், பாடம் அந்தக் கோட்டிலேயே தெரியும்.

கலந்துரையாட:
• தக்காளி எடுத்த பாத்தியில் உடனே கத்திரி நட்டால் என்ன ஆகும்?
• வீங்கிய வேர்களை எருக்குழியில் போடலாமா?
• கோடை உழவு புழுக்களை எப்படிக் குறைக்கிறது?
• செண்டுமல்லியை ஊடுபயிராக நடச் சொல்வது ஏன்? (அதன் வேரிலுள்ள வேதிப்பொருள் நூற்புழுவுக்கு நஞ்சு என்பதை இறுதியில் சொல்லுங்கள்.)

பாடம் முடிந்ததும் வீட்டுப்பணியாக ஒன்றே ஒன்று கொடுங்கள்: அறுவடை முடிந்த செடியின் வேரைப் பெற்றோருடன் சேர்ந்து பார்த்து, வீக்கம் இருந்தால் அகற்றி அழிக்கச் சொல்லுங்கள். வயல் முழுதும் பாதிப்பு தெரிந்தால், வேரையும் மண்ணையும் எடுத்துக்கொண்டு வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம் என்பதையும் குறிப்பேட்டில் எழுதி அனுப்புங்கள்.