கல்லடி வாவியில் பாடுவது யார்?

மட்டக்களப்புக்கு ‘மீன்பாடும் தேன்நாடு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அங்கே கல்லடி வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் அந்த மீனைப் பற்றி ஊரில் புழங்கும் கதைகளைச் சற்றுச் சலித்துப் பார்க்கலாம். உண்மை அந்தக் கதைகளுக்குச் சளைத்ததல்ல.

நம்பிக்கை: எல்லாம் கட்டுக்கதை, அப்படி ஓர் ஒலியே இல்லை.

ஒலி உண்டு. இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848இல் நிலவொளியில் தோணியேறி அதைக் கேட்டார். 1859இல் வெளியான தமது நூலில் அதை விரிவாக எழுதியும் வைத்தார். ஒரே இழுப்பான சத்தமாக அது இருக்கவில்லை. தனித்தனியே தெளிவாகக் கேட்கும் பல நுண்ணிய ஒலிகள், நீரின் அடியிலிருந்து எழுந்து வந்தன. தோணிப் பலகையில் காதை வைத்தபோது அவை பெருகிக் கேட்டன.

நம் மீனவர்கள் சவளை நீரில் இறக்கி அதன் மேல்முனையில் காது கொடுப்பதும் இதற்காகத்தான். நீருக்குள் எழும் ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே காற்றுக்குள் தப்பி வரும். மிச்சமெல்லாம் நீர்மட்டத்தில் பட்டுத் திரும்பிவிடும். மரம் அந்த ஒலியை வாங்கி நேரே காதுக்குக் கொண்டுவருகிறது. இயற்பியல் பாடம் படிக்காமலே கண்டுகொண்ட வழி இது.

நம்பிக்கை: பாடுவது ஊரி.

டெனன்டுக்குத் தோணிக்காரர்கள் காட்டியது மீனையல்ல, ஊரியைத்தான். அவரும் அந்தக் கருத்தின் பக்கமே சாய்ந்தார். ஆனால் ஊரி ஒரு நத்தையினம். இசைபோன்ற ஒலியை எழுப்பும் உறுப்பு எதுவும் அதன் உடலில் அறியப்படவில்லை.

நம்பிக்கை: ‘பாடும் மீன்’ என்று தனி இனம் ஒன்று மட்டக்களப்பில் மட்டும் உண்டு.

கல்லடியில் கேட்கும் ஒலிக்குரியது இன்ன மீன்தான் என்று எந்த இனமும் இன்றுவரை நிறுவப்படவில்லை. ஒலியெழுப்பும் மீன்களோ நம் கரையோரத்தில் பல உண்டு. கீச்சானை எடுத்துக்கொள்ளுங்கள். உடலில் வளைந்த கருவரிகள், செவுள்மூடியில் குத்தும் முள். கடலில் முட்டையிடும், குஞ்சுகள் கழிமுகங்களிலும் களப்புகளிலும் வளரும். தூண்டிலில் பட்டதும் அது கத்துவதைக் கேட்காத மீனவர் இருக்கமாட்டார். அந்தக் குரல் வாயிலிருந்து வருவதல்ல. உடலுக்குள் இருக்கும் காற்றுப்பையை, மண்டையோட்டோடு இணைந்த தசைகள் விரைவாகச் சுருங்கி அதிரவைக்கின்றன. கத்தலை இனங்களுக்கும் அதே காற்றுப்பைதான் கருவி. அவற்றில் பல இனங்களின் ஆண்கள் இனப்பெருக்கக் காலத்தில் அந்திப்பொழுதில் கூட்டமாக ஒலிக்கும். கெளிறு தன் பக்கத்துடுப்பு முள்ளை அதன் பொருத்தில் உரசியும் சத்தமிடும்.

கலிபோர்னியாவின் சோசலிட்டோவில் 1980களில் படகுவீடுகளில் இருந்தவர்கள் இரவு முழுதும் கேட்ட ரீங்காரத்தால் உறக்கம் கெட்டு, ஏதோ இயந்திரம் என்று சந்தேகப்பட்டார்கள். பெட்டை மீன்களைக் கூட்டுக்கு அழைக்கும் ‘மிட்ஷிப்மன்’ ஆண்மீன்களின் ஒலி அது என்று பிறகு தெரிந்தது. ஆகவே கல்லடியிலும் பாடுவது மீனாகவே இருக்கலாம் என்பதுதான் என் எண்ணம். அது ஒரே இனமா, பலவா என்பதைக் கருவி வைத்துத்தான் சொல்ல முடியும்.

நம்பிக்கை: பூரணையில் மட்டுமே பாடும்.

நிலவு நாளில்தான் நாம் தோணியேறுகிறோம், அதனால் அன்றுதான் கேட்கிறோம். இதில் காலநிலைக்கும் பங்குண்டு. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கிழக்கில் மழை குறைவு, வாவி அலையடங்கிக் கிடக்கும். வடகீழ்ப் பருவமழையில் வெள்ளம் புகுந்து நீர் கலங்கி ஓடும்போது, மெல்லிய ஒலியைப் பிரித்துக் கேட்பது கடினம்.

நம்பிக்கை: புதிய பாலம் வந்ததும் மீன்கள் ஓடிவிட்டன.

1924இல் கட்டிய பழைய பாலத்தின் அருகே 2013இல் புதிய கல்லடிப் பாலம் திறக்கப்பட்டது. வாகன இரைச்சலும் இயந்திரப் படகுகளும் கூடின. இந்த இரைச்சலில் ஒலி அமுங்கிப்போவது இயல்பு. கேட்கவில்லை என்பதற்காக மீன் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்லடியில் நீரடி ஒலிவாங்கி ஒன்றை இறக்கி, ஓராண்டாவது இரவும் பகலும் பதிவுசெய்யுங்கள். வாவியில் தொழில் செய்யும் முதிய மீனவர்களையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் காது வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.