ஒரு டாலரைக் காட்டத் தெரியாத பம்புகள்

பெட்ரோல் பங்க்கில் லிட்டரும் ரூபாயும் இரண்டு வரிசைகளில் சேர்ந்தே ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். லிட்டரை விலையால் பெருக்கித் தொகையைக் காட்டுவது இன்று மின்னணுச் சில்லின் வேலை. சில்லு இல்லாத காலத்தில் அந்தப் பெருக்கலைச் செய்தவை வெறும் பற்சக்கரங்கள். அமெரிக்காவில் அவை ஒருமுறை திணறிப்போயின.

1920-களில் அங்கே பம்பின் உச்சியில் கேலன் கோடுகள் போட்ட பெரிய கண்ணாடி உருளை இருக்கும். (ஓர் அமெரிக்கக் கேலன் ஏறத்தாழ 3.8 லிட்டர்.) ஊழியர் கைப்பிடியை ஆட்டி அதில் பெட்ரோலை ஏற்றுவார், பிறகு அது புவியீர்ப்பினால் காருக்குள் இறங்கும். அளவு கண்ணுக்குத் தெரியும். தொகையை மட்டும் மனக்கணக்காகப் போட வேண்டும்.

1930-களில் தொகையையும் காட்டும் கணக்குப்பொறி வந்தது. பாய்ந்து செல்லும் பெட்ரோல் அளவுமானியிலுள்ள பிஸ்டன்களைத் தள்ள, ஓர் அச்சு சுழலும். அந்த அச்சு, சிறிதும் பெரிதுமாகக் கூம்பு போல் அடுக்கிய ஒன்பது பற்சக்கரங்களைச் சுழற்றும். விலையின் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு நெம்புகோல் உண்டு. இலக்கம் 5 என்றால் நெம்புகோல் ஐந்தாம் சக்கரத்தோடு இணையும். 1 தரும் சுழற்சியைப் போல் ஐந்து மடங்கு கிடைக்கும். இப்படிக் கிடைக்கும் சுழற்சிகளைக் கூட்டினால் தொகை வந்துவிடும். பெருக்கல் என்பது தொடர்ந்த கூட்டல்தானே!

விலைக்கு மூன்று இலக்கங்கள் வைத்தார்கள்: பத்து சென்ட், ஒரு சென்ட், சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு. அமெரிக்கர்களுக்கு 32.9 சென்ட் என்று பத்தில் ஒன்பதில் முடிக்கும் விநோத வழக்கம் உண்டு. அதனால்தான் அந்தக் கடைசி இலக்கம். ஆக, உச்ச விலை 99.9 சென்ட். 1972-இல்கூட ஒரு கேலன் சராசரியாக 36 சென்ட்தான். ஒரு டாலரைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய்க்கு 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய், 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. பங்க்குகளில் நீண்ட வரிசைகள் நின்றன. பல மாநிலங்களில், ஒற்றைப்படை எண்ணில் முடியும் கார்களுக்கு ஒற்றைப்படைத் தேதிகளில் மட்டுமே பெட்ரோல் என்றார்கள். 1979-இல் ஈரான் புரட்சியை அடுத்து விலை மறுபடி ஏறி, பல ஊர்களில் ஒரு டாலரைத் தாண்டியது.

பம்பிலோ நான்காவது இலக்கத்துக்கு நெம்புகோல் இல்லை. நாடு முழுவதும் இருந்த பம்புகளை ஒரே நாளில் மாற்றவும் முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? விலை 1.10 டாலர் என்றால் பம்பில் 55.0 சென்ட் என்று பாதி விலையை வைத்தார்கள். பத்து கேலனுக்குப் பம்ப் 5.50 டாலர் காட்டும். வாங்குபவர் 11 டாலர் கொடுக்க வேண்டும். இதை விளக்கிப் பம்பின்மேல் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும். அதைப் படிக்காதவர் பணம் கொடுக்கும்போது துணுக்குற்றிருப்பார்! வேறு சில நிலையங்கள் லிட்டர் கணக்குக்கே மாறின: 1.10 டாலர் கேலன், லிட்டருக்கு 29.1 சென்ட் ஆகிவிடும் அல்லவா?

புதிய கணக்குப்பொறிகளும் பின்னர் மின்னணுப் பம்புகளும் வந்தன. ஆனாலும் 2008-இல் விலை நான்கு டாலரைத் தாண்டியபோது, சில கிராமப்புற நிலையங்களில் மிஞ்சியிருந்த பழைய பம்புகள் 3.99-க்கு மேல் காட்ட மறுத்தன. பாதி விலை முறை மறுபடி வந்தது.

அப்படி ஒரு நிலையத்தில் விலை 4.18 டாலர். நீங்கள் 6 கேலன் வாங்குகிறீர்கள். பம்ப் எவ்வளவு காட்டும்? நீங்கள் எவ்வளவு தர வேண்டும்?