அர்டுயினோ: வரைபடத்தை மறைக்காத பலகை

பழைய வானொலிப் பெட்டிகள் சிலவற்றின் உள்ளே மின்சுற்று வரைபடத்தை ஒட்டியிருப்பர். பழுது பார்ப்பவர் அதைக் கண்டு தெளிவார். இன்றைய கைப்பேசியிலோ அவ்வழக்கம் இல்லை; திறந்தாலும் ஒன்றும் விளங்காது. இந்நாளில், தன் வரைபடத்தை உலகோர் அனைவர்க்கும் வெளியிட்டுள்ள சிறு மின்னணுப் பலகை ஒன்று உண்டு. அதுவே அர்டுயினோ.

2005ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் இவ்ரேயா நகரில், வடிவமைப்புக் கல்வி நிலையமொன்றின் ஆசிரியர் மாசிமோ பான்சியும் அவர்தம் நண்பர்களும் இதனை உருவாக்கினர். மின்னணுவியல் கல்லாதவரும் குறைந்த செலவில் கருவி செய்து பழகவேண்டும் என்பது அவர்தம் நோக்கம். அங்கேயே பயின்ற கொலம்பியா நாட்டு மாணவர் எர்னாண்டோ பாராகான் ஆக்கிய ‘வயரிங்’ என்பதே இதற்கு முன்னோடி. மாணவரை மறந்து ஆசிரியரை மட்டும் போற்றுவது முறையன்று.

2010இல் வெளிவந்த ‘ஊனோ’ என்னும் வகையே கற்போர்க்கு ஏற்றது. அதன் மூளை அட்மெகா 328பி என்னும் சில்லு. அதன் நிரல் நினைவகம் 32 கிலோபைட் மட்டுமே. கைப்பேசியில் எடுத்த நிழற்படம் ஒன்றுகூட அதில் அடங்குவது அரிது. ஆயினும் அது நொடிக்கு 1 கோடியே 60 இலட்சம் துடிப்புகளில் இயங்குகிறது. கணினியில் எழுதிய நிரலை யு.எஸ்.பி. கம்பிவழி ஏற்றிவிட்டால், பின்னர்க் கணினி வேண்டா; மின்கலமே போதும்.

பலகையின் 14 முனைகள் ‘உண்டு, இல்லை’ என்னும் இரு நிலைகளை மட்டுமே அறியும். வேறு 6 முனைகள் அளவையும் அறியும். 0 முதல் 5 வோல்ட் வரையுள்ள மின்னழுத்தத்தை அவை 0 முதல் 1023 வரையுள்ள எண்ணாக மாற்றும், 2.5 வோல்ட் எனில் ஏறத்தாழ 512. ஒளிக்கேற்ப மின்தடை மாறும் உறுப்பையும் சாதாரண மின்தடை ஒன்றையும் தொடராக இணைத்து, அவை சந்திக்கும் இடத்தை இம்முனையில் சேர்த்துப் பாருங்கள். நண்பகலில் ஓர் எண் தோன்றும். கையால் மூடினால் வேறோர் எண். எவ்வெண்ணில் விளக்கு எரியவேண்டும் என்று முடிவு செய்பவர் நீங்களே.

முனையொன்றில் 20 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் எடுத்தல் தகாது. சிறு விளக்கிற்கு 220 ஓம் மின்தடை சேர்க்க. மோட்டாரை நேரே இணைக்காதீர். வீட்டு மின்சாரத்தின் அருகே இதைக் கொண்டு செல்லவே கூடாது.

பெற்றோர்க்கு ஒரு சொல். வரைபடம் பொதுவாதலால் எவரும் இப்பலகையைச் செய்து விற்கலாம். அர்டுயினோ என்னும் பெயரும் சின்னமும் மட்டுமே உரிமையுடையவை. ஆகவே, வேறு பெயரில் மலிவாக விற்கும் பலகையை வாங்கத் தயங்கவேண்டா. சில்லைக் கழற்றி மாட்டத்தக்க ஊனோவாகப் பார்த்து வாங்குக. பிள்ளை பிழையாக இணைத்துச் சில்லு கெட்டால், பெரும்பாலும் அதை மட்டும் மாற்றினால் போதும்.